வேலைக்கு விண்ணப்பித்தால் பெருமாள் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமா?

வாசகர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41. ஒரே நிறுவனத்தில் பதினைந்து வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவர். அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள், வேலை போய் 14 மாதம் ஆகிறது. முதல் ஆறு மாதம் மும்முரமாகத் தேடியிருக்கிறார். மூன்று இடங்களில் கடைசிச் சுற்று வரை போய்த் தவறிவிட்டது. சின்ன வயதிலிருந்தே பெருமாள் பக்தர். சத்சங்கத்தில் அவர் பெரிதும் மதிக்கும் பெரியவர் ஒருவர், "நீ இன்னும் குரங்குக்குட்டி மாதிரி கெட்டியாப் பிடிச்சுக்கிட்டிருக்கே, பூனைக்குட்டி மாதிரி இருந்து பாரு, அவனே கவ்விட்டுப் போவான்" என்று சொல்லியிருக்கிறார். அதிலிருந்து விண்ணப்பம் போடுவதே நின்றுபோனது. தினமும் நாலைந்து மணி நேரம் பூஜை, பாராயணம், வாரத்தில் இரண்டு நாள் உபவாசம். சர்க்கரை மாத்திரையையும் இரண்டு மாதமாக நிறுத்தி வைத்திருக்கிறார். வேலை நிச்சயம் கிடைக்கும் என்று ஒருவர் உறுதி சொன்ன ஹோமத்துக்காக மனைவியின் நகையை அடகு வைக்கலாமா என்ற யோசனையும் இருக்கிறது. வீட்டை இப்போது மனைவியின் சம்பளம்தான் தாங்குகிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் அப்பாவிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். மனைவி ஒருநாள் அழுதபடி சொன்ன வார்த்தையையும் எழுதியிருக்கிறார்: "நீங்க பூஜை ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறீங்க, நான் எங்கே போறது?"

கடைசியில் அவர் கேட்பது இரண்டு. ஊழைவிடப் பெரிய வலிமை எது என்று வள்ளுவரே கேட்கும்போது நான் முயன்று என்ன ஆகப்போகிறது? இனி விண்ணப்பம் போட்டால் அது நான் செய்த சரணாகதியைக் கெடுத்துவிடாதா?

அன்புள்ள நண்பருக்கு,

நான் உளவியல் ஆலோசகர், சமய விற்பன்னர் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டும் பின்னிக் கிடப்பதால் இரண்டையும் தொடாமல் பதில் சொல்ல முடியாது. உங்கள் பக்தியை எந்த இடத்திலும் குறைத்துப் பேசப் போவதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த 14 மாதத்தில் நீங்கள் உடைந்து போகாமல் இருப்பதற்கு அந்தப் பிரார்த்தனையும் ஒரு காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதை உங்களிடமிருந்து பிடுங்குகிற ஆலோசனை எதுவாக இருந்தாலும் கேட்காதீர்கள்.

குரங்குக்குட்டி, பூனைக்குட்டி

பெரியவர் சொன்னது ஸ்ரீவைஷ்ணவத்தில் பல நூற்றாண்டுகளாகப் பேசப்படும் விஷயம். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டி சும்மா கிடந்தாலும் தாய் கவ்விக்கொண்டு போகும். ஸ்ரீவைஷ்ணவத்தின் இரு பிரிவினரில் வடகலையார் முதல் உதாரணத்தையும் தென்கலையார் இரண்டாவதையும் சொல்வார்கள். ஆனால் அவர்கள் எதைப் பற்றி அப்படி விவாதித்தார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். மோட்சத்தைப் பற்றி. ஜீவன் கடைத்தேறுவதில் அதன் பங்கு எவ்வளவு, பெருமாள் கருணையின் பங்கு எவ்வளவு என்பதுதான் அங்கே கேள்வி. வேலை தேடலாமா, மருந்து சாப்பிடலாமா என்பதற்காக எழுந்த விவாதம் இல்லை அது. சரணாகதி செய்தவன் அதன் பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று இரண்டு கலையாரும் சொன்னதில்லை. மீதி வாழ்நாள் முழுக்கக் கைங்கர்யம், அதாவது தொண்டு, என்றுதான் இருவருமே சொல்கிறார்கள்.

இன்னும் ஒன்று. பூனைக்குட்டிக் கட்சியின் பெரிய ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர். 14-ஆம் நூற்றாண்டில் டெல்லி சுல்தானின் படை ஸ்ரீரங்கத்தை நோக்கி வந்தபோது அவர் என்ன செய்தார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்வதை நீங்களும் உபன்யாசத்தில் கேட்டிருப்பீர்கள். பெருமாள் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்று அவர் இருந்துவிடவில்லை. மூலவர் சந்நிதியைக் கல்சுவர் எழுப்பி மறைத்தார்கள். தள்ளாத வயதில் அவர் உற்சவரான நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு, சீடர்கள் சிலரோடு காடும் மேடுமாக நடந்து, மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிஷ்குடி வரை போய்ச் சேர்ந்து அங்கேயே பரமபதித்தார். குரங்குக்குட்டிக் கட்சியின் வேதாந்த தேசிகர் அதே படையெடுப்பில் சுருதப்பிரகாசிகை என்ற நூலின் சுவடிகளையும், அதை எழுதியவரின் இரண்டு சிறு பிள்ளைகளையும் காப்பாற்றிக் கொண்டுபோனார் என்கிறது அதே மரபு. சித்தாந்தத்தில் எதிரெதிராகச் சொல்லப்படுகிற இருவரும் ஆபத்து வாசலுக்கு வந்த அன்று ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார்கள். அவர்களைவிட ஆழமான சரணாகதி நமக்கு இருப்பதாக நீங்களும் நினைக்க மாட்டீர்கள், நானும் நினைக்க மாட்டேன்.

அப்புறம் வள்ளுவர். 'ஊழிற் பெருவலி யாவுள' என்று 380-ஆம் குறளில் கேட்டவர் அவர்தான். அதே மனிதர் விடாமுயற்சியைச் சொல்லும் ஆள்வினையுடைமை அதிகாரத்தைப் பாடிவிட்டு, அதன் கடைசிக் குறளில் (620) சோர்வில்லாமல் முயல்கிறவர்கள் ஊழையும் புறமுதுகு காட்ட வைப்பார்கள் என்கிறார். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் அவர் சொன்னதில் பாதியைத்தான் கேட்டதாக ஆகும். அதற்கு முந்தைய குறளையும் நிதானமாகப் படியுங்கள். தெய்வத்தால் ஆகாது போனாலும் முயற்சி 'மெய்வருத்தக் கூலி' தரும். உடம்பை வருத்தியதற்கு உண்டான கூலி, அவ்வளவுதான். நினைத்தது அப்படியே கைக்கு வந்துவிடும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. உங்கள் மனைவி சொல்வதாக நீங்கள் எழுதியிருக்கும் "ஒழுங்காத் தேடியிருந்தா இந்நேரம் கிடைச்சிருக்கும்" என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒழுங்காகத் தேடியும் கிடைக்காதவர்கள் நிறைய இருக்கிறார்கள். நம்பிக்கை முழுதாக இருந்தால் பலன் நிச்சயம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், உழைப்பு முழுதாக இருந்தால் பலன் நிச்சயம் என்று அவர் நினைக்கிறார். இந்த 'நிச்சயம்' என்ற எதிர்பார்ப்புதான் உங்கள் இருவரையும் வாட்டுகிறது.

மூன்றாவது நேர்காணல்

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு ஒரு இடம். முதல் இரண்டு நேர்காணல்களைத் தலா ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். மூன்றாவதற்கு மட்டும் ஒரு முழுப் பக்கம். உங்களைவிடப் பத்து வயது சின்னவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, நிறுவனத்தின் கணக்கு, கொள்முதல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்த அவர்கள் பயன்படுத்தும் ஈஆர்பி மென்பொருளின் பெயரைச் சொல்லி எத்தனை வருஷ அனுபவம் என்று கேட்டது, நீங்கள் இல்லை என்றது, அவர் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தது, உங்கள் பயோடேட்டாவை மெதுவாக மூடி மேஜையில் வைத்தது. அந்தக் காகிதத்தில் அவர் பேனாவை வைத்த இடம்கூட உங்களுக்கு நினைவிருக்கிறது. அடுத்த வாரமே பெரியவரிடம் போயிருக்கிறீர்கள். அதற்கடுத்த நாள் முதல் விண்ணப்பம் இல்லை.

தேதிகளை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். அந்த அறையில் பட்டது பெரிய அவமானம். இன்னொரு தடவை அப்படி ஒரு நாற்காலியில் போய் உட்கார யாருக்கும் மனசு வராது. விண்ணப்பம் போடாவிட்டால் நேர்காணல் இல்லை, நேர்காணல் இல்லாவிட்டால் அந்தப் பார்வை இல்லை. போடாத ஒவ்வொரு நாளும் மனசுக்குள் ஒரு சின்ன நிம்மதி கிடைக்கும், அந்த நிம்மதி மறுநாளும் போடாமல் இருக்கச் சொல்லும். ஒன்றைத் தவிர்க்கத் தவிர்க்க அதன் மேல் உள்ள பயம் பெரிதாகிக்கொண்டே போகும் என்பது நாங்கள் தினமும் பார்க்கிற விஷயம். பெரியவர் நல்லெண்ணத்தில் சொன்ன வார்த்தை, அந்தப் பயத்துக்கு ஒரு மரியாதையான பெயரைக் கொடுத்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். நான் தப்பாகவும் இருக்கலாம், உங்கள் மனசை நீங்கள்தான் பார்க்க முடியும். பூஜை முடிந்து எழும்போது கவனியுங்கள்: வெளியே போய் ஒரு காரியத்தைச் செய்யத் தெம்பு வருகிறதா, அல்லது இன்றைக்கும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஆறுதல் வருகிறதா? முதலாவது என்றால் நீங்கள் பெருமாளிடம் போயிருக்கிறீர்கள். இரண்டாவது என்றால் மனிதர்களிடமிருந்து தப்பித்துப் போயிருக்கிறீர்கள். அதைத் தெரிந்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அடிபட்டவர்கள் ஒதுங்கத்தான் செய்வார்கள்.

இதை ஆராய்ந்தவர்களும் உண்டு. கென்னத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் 1988-இல் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார்கள். பிரச்சினை வரும்போது நம்பிக்கையுள்ளவர்கள் மூன்று விதமாக நடந்துகொள்கிறார்கள். கடவுள் எனக்கு அறிவும் கைகாலும் கொடுத்துவிட்டார், இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது ஒன்று. எல்லாம் அவர் தலையில், நான் காத்திருக்கிறேன் என்பது இன்னொன்று. அவரும் நானும் சேர்ந்தே இதைச் செய்கிறோம் என்பது மூன்றாவது. மூன்றாவது வகையினரிடம் தன்மதிப்பும் தன் வாழ்க்கை தன் கையில் என்ற உணர்வும் கூடுதலாகவும், முழுக்கக் காத்திருப்பவர்களிடம் குறைவாகவும் தென்பட்டன. அதே சமயம், நம்மால் ஒன்றுமே செய்ய முடியாத நிலைமையில் அவனிடம் விட்டுவிடுவது மனிதரைத் தாங்குகிறது என்பதையும் அந்தத் துறையினர் ஒத்துக்கொள்கிறார்கள். ஆகவே விட்டுவிடுவது தப்பில்லை, எதை விடுகிறோம் என்று பார்த்து விட வேண்டும்.

மாத்திரையைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்

மற்ற எதையும் யோசித்து, மெல்ல முடிவெடுக்கலாம். இதற்கு அவகாசம் இல்லை. சர்க்கரை ஏறுவது பல பேருக்கு வெளியில் தெரியவே தெரியாது. 'எனக்கு ஒன்றும் செய்யவில்லை' என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், கால் நரம்பு எல்லாம் சத்தமில்லாமல் கெடும். அதிக தாகம், இரவில் அடிக்கடி சிறுநீர், கண் மங்கல், ஆறாத புண் இவற்றில் எது இருந்தாலும் இன்றே போங்கள். இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் உங்கள் டாக்டரைப் பாருங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு எச்பிஏ1சி பரிசோதனையும் செய்யச் சொல்லுவார், அது சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும்.

பழைய மாத்திரைப் பட்டையை எடுத்து நீங்களாகவே மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம். வாரம் இரண்டு நாள் பட்டினி இருக்கிறீர்கள், சில வகைச் சர்க்கரை மாத்திரைகள் சாப்பிடாத வயிற்றில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். உபவாசம் இருப்பதையும், மாத்திரையை நிறுத்தியதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும். உபவாச நாளுக்குத் தகுந்தபடி மருந்தை மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். உங்களை எழுப்பி உட்காரவைக்க அவன் அனுப்பிய உதவி அந்த மாத்திரையாகவும் இருக்கலாம் என்று ஏன் நினைக்கக் கூடாது?

ஹோமமும் நகையும்

இதில் சுருக்கமாகவே சொல்கிறேன். உங்களால் முடிந்த அளவில் மன நிறைவுக்கு ஒரு வழிபாடு செய்வது உங்கள் விருப்பம். பணத்தை வாங்கிக்கொண்டு வேலைக்கு உத்தரவாதம் தருகிறவரிடம் போகாதீர்கள். பெருமாள் சார்பில் உத்தரவாதம் கொடுக்கும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. பலிக்கவில்லை என்றால் உங்கள் நம்பிக்கையில்தான் குறை என்று சொல்லி இன்னொரு பரிகாரத்துக்கு அழைப்பார்கள், அந்தப் பழியையும் நீங்கள்தான் சுமப்பீர்கள். நகையைப் பொறுத்தவரை அது உங்களுடையது அல்ல. பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்தும் திருமணத்தின்போதும் வந்தது அவளுடைய சீதனம், அதன் முழு உரிமை அவளுக்கே, கணவனுக்கு அதில் பங்கில்லை என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அவர் மனப்பூர்வமாகச் சம்மதிக்காமல் பீரோவைத் திறப்பது சட்டப்படியும் தப்பு. வேலை போனதைவிடப் பெரிய பிளவை அது வீட்டில் உண்டாக்கும்.

என் கடன், தன் கடன்

அப்பர் 'தன் கடன் அடியேனையும் தாங்குதல், என் கடன் பணி செய்து கிடப்பதே' என்று பாடினார். நீங்கள் வைணவர், அவர் சைவர், ஆனாலும் இந்தப் பங்கீடு உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். ஒரு தாளை நடுவில் மடித்து இரண்டு பக்கமாக்குங்கள். இடது பக்கம் 'என் கடன்': பயோடேட்டாவைப் புதுப்பிப்பது, அந்த மென்பொருளின் அடிப்படையையாவது கற்பது, பழைய சகாக்களிடம் பேசுவது, மாத்திரை, தூக்கம், மகளோடு கொஞ்ச நேரம். வலது பக்கம் 'தன் கடன்': யார் கூப்பிடுவார்கள், எதிரே யார் உட்காருவார், அந்த நிறுவனத்தில் எப்போது இடம் காலியாகும், எந்த மாதம் கிடைக்கும். கவலை வரும்போதெல்லாம் அது எந்தப் பக்கத்தில் சேரும் என்று பாருங்கள். வலது பக்கம் என்றால் பூஜையில் வைத்துவிட்டு எழுந்து வாருங்கள், இடது பக்கம் என்றால் அதைச் செய்யுங்கள். வலது பக்கத்துக் கவலையை நாள் முழுக்கச் சுமந்துகொண்டு இடது பக்கத்தைத் தொடாமல் விடுவதுதான் இத்தனை மாதமாக நடந்திருக்கிறது.

பூஜையை விட வேண்டாம். அதற்கு ஒரு நேரம் வையுங்கள். விடியற்காலை ஒரு மணி நேரம், மாலையில் விளக்கேற்றும்போது கொஞ்சம். காலைப் பூஜை முடிந்ததும் அதே சூட்டோடு மேஜைக்கு வந்து மூன்று மணி நேரம் வேலை தேடும் வேலை. முதல் வாரம் விண்ணப்பமே போடாதீர்கள். அந்த மென்பொருளுக்கு இணையத்தில் அறிமுகப் பாடங்கள் கிடைக்கும், அதில் உட்காருங்கள். கணக்குப் பிரிவில் பதினைந்து வருஷம் இருந்தவருக்கு வவுச்சரும் லெட்ஜரும் புதிதா என்ன, திரைதான் புதிது. இரண்டாவது வாரம் ஒரே ஒரு விண்ணப்பம், அதுவும் நீங்கள் அவ்வளவாக ஆசைப்படாத இடத்துக்கு. கிடைக்க வேண்டும் என்பதற்காக இல்லை, அந்த நாற்காலியின் மேல் இருக்கும் பயம் குறைவதற்காக. இடைவெளி பற்றிக் கேட்டால் மழுப்ப வேண்டாம், "பிரிவை மூடிவிட்டார்கள், கொஞ்ச காலம் தேடினேன், நடுவில் தளர்ந்தேன், இப்போது இந்த மென்பொருளைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன்" என்று சொன்னால் போதும்.

பெரியவரிடமும் போங்கள். சண்டைக்கு வேண்டாம். "நான் வேலை தேடிக்கொண்டே சரணாகதியில் இருக்கலாமா?" என்று நேராகக் கேளுங்கள். நீங்கள் மாத்திரையை நிறுத்தியதும், மகள் பேசாமல் இருப்பதும் அவருக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். தெரிந்தால் அவரே வேறு மாதிரி சொல்லக்கூடும்.

மனைவியிடம் பேசும்போது உங்கள் பக்தி சரியா தப்பா என்ற வாதத்துக்குள் போகாதீர்கள். அவர் கேட்டது அது இல்லை. அந்த மூன்றாவது நேர்காணலை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தைப் படித்தால் 'தள்ளிப்போச்சு' என்று ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டது போலத் தெரிகிறது. எனக்கு எழுதிய அந்தப் பக்கத்தை அவருக்குச் சொல்லுங்கள். கதவைச் சாத்திக்கொண்டது ஏன் என்பது அவருக்கு அப்போதுதான் புரியும்.

ஒரு வரியில் கடந்துபோன இன்னொரு விஷயம்: விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, எதிலும் ருசி இல்லை, 'நான் இருந்து என்ன' என்று சில நாள் தோன்றுகிறது என்கிறீர்கள். இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்திருந்தால் மனச்சோர்வு நோயாக இருக்க வாய்ப்புண்டு. அது பக்திக் குறைவும் இல்லை, சோம்பலும் இல்லை. மருந்தாலும் பேச்சுச் சிகிச்சையாலும் குணமாவது. சர்க்கரைக்குப் போகும் அதே நாளில் மனநல மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். 'இருந்து என்ன' என்ற எண்ணம் கனமாக வரும் இரவில் தனியாக இருக்காமல் மனைவியை எழுப்புங்கள், அல்லது 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலிமானஸ் உதவி எண் அது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இவ்வளவும் செய்து, பிரார்த்தனையும் செய்து, வேலை கிடைக்காமல் போனால் பெருமாள் கைவிட்டார் என்று ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. உங்களுக்குப் பிடித்த ஆழ்வார்களும் ஆசாரியர்களும் நினைத்ததெல்லாம் நடந்ததால் அவனைப் பாடவில்லை. வேலை கிடைப்பதை அவன் இருப்புக்குச் சாட்சியாக வைத்துவிட்டால் ஒவ்வொரு நேர்காணலிலும் உங்களோடு சேர்த்து அவனையும் அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறீர்கள். அந்தப் பாரம் இல்லாமல் போங்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் எனக்கு நாலு வரி எழுதுங்கள், வேலை விஷயத்தில் அடுத்த கட்டத்தை அப்புறம் பேசுவோம்.